வராதவர் வந்ததாக எழுதிய நாள்

கூட்டக் குறிப்பு எழுதுவது எப்படி என்று, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு பக்கம் எழுதித் தரும்படி மேலிடத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றுப் போகிறவனிடம் இப்படி ஏதாவது கேட்காவிட்டால் கோபித்துக்கொள்வான் என்று நினைத்தார்களோ என்னவோ. கூட்டக் குறிப்பு எழுத இரண்டு நாளில் பழகிவிடலாம். எங்கே கூடினார்கள், யார் வந்தார்கள், என்ன முடிவு, கடைசியில் கையெழுத்து. இதற்கு நாலு பக்கம் எதற்கு? ஆனால் அந்த 'யார் வந்தார்கள்' என்ற வரியில் நான் ஒருமுறை தலைகுப்புற விழுந்தேன். அந்தக் கதையைச் சொல்கிறேன். மற்றதெல்லாம் உங்கள் கணினியிலேயே மாதிரிப் படிவமாக இருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்தான். பெயர் சிவபாதம். இந்த அலுவலகத்துக்கு வருமுன் இதே துபாயில் வேறொரு நிறுவனத்தில் பதினொரு வருஷம் இருந்தேன். அதன் பெயர் வேண்டாம். நெடுஞ்சாலை ஓரத்துக் கோபுரம் ஒன்றில் முப்பத்தோராம் மாடி. மற்றவர்களுடைய கம்பெனிகளைப் பராமரிப்பதுதான் எங்கள் தொழில். கம்பெனி என்றதும் புகைபோக்கியையும் வாசற்காவலாளியையும் நினைக்காதீர்கள். எங்கள் கம்பெனிகள் எல்லாம் ஒரே இரும்பு அலமாரிக்குள் இருந்தன. நீல நிறக் கோப்பு ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. கதவைத் திறந்தால் ஏசிக் காற்றில் காகித வாசனை வரும். சில மத்தியானங்களில் நான் சும்மா அந்த அலமாரிக்கு முன்னால் நிற்பேன். உள்ளே கப்பல்கள் இருந்தன, திராட்சைத் தோட்டங்கள் இருந்தன, இங்கிலாந்தின் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் பதினாறு அறை மாளிகை ஒன்று இருந்தது.

அவற்றில் முப்பத்தாறு கம்பெனிகளுக்கு நானும் ஓர் இயக்குநர். சிரிக்காதீர்கள், சட்டப்படிதான். சேர்ந்த புதிதில் நான் துபாயின் சத்வா பகுதியில் ஒரு தையல்கடைக்கு மேலே, நாலு பேரோடு ஒரே ரூமில் இருந்தேன். காலையில் குளியலறைக்கு வரிசையில் நிற்பேன். ஒன்பது மணிக்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கப்பல் முதலாளி ஆகிவிடுவேன். மாலையில் திரும்பி வந்து பருப்புக்கு உப்புப் போட்டோமா என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். அந்த வருஷங்களை இப்போது நினைத்தால் எது நடந்தது, எது நான் எழுதியது என்று பிரித்துச் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. பிறகு மனைவியும் மகளும் வந்தார்கள், ஷார்ஜாவில் ஒரு சின்ன ஃபிளாட் எடுத்தோம்.

எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் பிரிட்டிஷ் பணக்காரர்கள். ஏன் அவ்வளவு தூரம் வருகிறார்கள் என்றால், ஒரு கம்பெனியின் பெரிய முடிவுகள் உண்மையிலேயே எந்த மண்ணில் உட்கார்ந்து எடுக்கப்படுகின்றன என்பதை அந்த நாட்டு வரித்துறை பார்க்கும். இங்கிலாந்தில் உட்கார்ந்து முடிவெடுத்தால் அங்கே வரி. துபாயில் உட்கார்ந்து எடுத்தால் கதை வேறு. ஆகவே ஐயாமார் விமானத்தில் வந்து, எங்கள் மேசையில் ஒரு மணி நேரம் இருந்து, தேநீர் குடித்து, 'ஆம்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சாட்சி என் குறிப்பு. இது தப்பா சரியா என்று நான் அப்போது யோசித்ததில்லை. வருமான வரி இல்லாத ஊர் என்றுதானே நானும் இங்கே சம்பளத்துக்கு வந்தேன்? எனக்கு நியாயம் பேச என்ன யோக்கியதை?

ஆனால் மனிதருக்குச் சோம்பல் வரும். முதல் வருஷம் நாலு தடவை வருகிறவர் அடுத்த வருஷம் இரண்டு தடவை வருவார். பிறகு தொலைபேசியில் 'ஓகே' என்பார். எங்கள் அலுவலகத்தில் அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. வராதவருக்கும் மேசையில் பெயர் அட்டை வைப்போம், தண்ணீர் போத்தல் வைப்போம், ஒரு கோப்பை தேநீரும் வைப்போம். நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து, அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு கூட்டத்தை நடத்துவோம். தேநீர் ஆறும். நான் குறிப்பில் அவர் வந்ததாக எழுதுவேன். மேசை போட்டுத் தேநீரும் வைத்துவிட்டோமே, முழுப் பொய் இல்லையே என்று ஒரு சமாதானம். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டதாம் என்பார்களே, அது நாங்கள்தான்.

எங்களிடம் வாடிக்கையாளர்களுக்குப் பெயர் கிடையாது, கோப்பு எண்தான். அப்படி ஒருவர் நாற்பத்தொன்று. பரம்பரைப் பணக்காரர். ஒருமுறை அங்கே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து தோற்றவர். அவருடைய குடும்ப நிலம் ஒன்றை விற்கிற முடிவை, மாரிகால வியாழக்கிழமை ஒன்றில் காலை பதினொரு மணிக்கு எங்கள் மேசையில் எடுக்க வேண்டியிருந்தது. அவரே தலைவர். இந்த முறை கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

அன்று துபாயில் மூடுபனி. இந்த ஊரில் மாரிகாலத்தில் சில காலைகள் அப்படித்தான். ஜன்னலில் நின்று பார்த்தேன். கீழே வீதி இல்லை, எதிர்க் கட்டடம் இல்லை. வேறு கோபுரங்களின் நுனிகள் மட்டும் வெள்ளைக்கு மேலே தெரிந்தன. முப்பத்தோராம் மாடி எதன்மேலும் நிற்காமல் தானாக மிதக்கிற மாதிரி இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு சுகம். வேலை நினைவே வரவில்லை.

பத்தேமுக்காலுக்கு டிரைவர் காளிமுத்து வந்தார். பரமக்குடிப் பக்கத்துக்காரர், எட்டாம் வகுப்பு வரை படித்தவர். விமான நிலையத்திலிருந்து வாடிக்கையாளர்களைக் கூட்டிவருவது அவர் டியூட்டி. அன்று தனியாக வந்தார்.

"ரெண்டு மணி நேரம் போர்டைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன் சார். பனியில ஃபிளைட்டு லேட்டுதான், ஆனா வந்துருச்சு. எல்லாரும் எறங்கிப் போயிட்டாங்க. நம்மாளு மாஃபி, வரவே இல்ல."

எங்கள் மேனேஜர் ஸ்ரீதர், சென்னைக்காரர், நல்ல படிப்பு, குரலை உயர்த்திப் பேசவே மாட்டார். லண்டனுக்குப் பேசிவிட்டுச் சிரித்தபடி வந்தார்.

"அவருக்கு வேற வேலை வந்துடுச்சாம். போன்ல ஓகே சொல்லிட்டார். நீங்க வழக்கம்போல எழுதிடுங்க சிவம்."

வழக்கம்போல. தேநீர் வைத்தோம், ஆறியது. பிறகு நான் எழுத உட்கார்ந்தேன். இங்கேதான் என் கொழுப்பைச் சொல்ல வேண்டும். 'சிவம் எழுதினால் கூட்டம் கண்ணுக்கு முன்னால் நடக்கும்' என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். 'தலைவர் வருகை' என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். நான் என்ன எழுதினேன் தெரியுமா? மூடுபனியால் தலைவர் பதினைந்து நிமிடம் தாமதமாக வந்தார் என்று எழுதினேன். ஜன்னலருகே போய் நின்றவர், 'நாம் மேகத்துக்குள் கம்பெனி நடத்துகிறோம்' என்று வேடிக்கையாகக் குறிப்பிட்டார் என்றும் எழுதினேன். அந்தப் பனியைப் பார்த்து எனக்குத் தோன்றியதை அவர் வாயில் வைத்தேன். வாசித்துப் பார்த்து ரசித்தேன். கையெழுத்து வைத்தேன்.

மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். இங்கிலாந்தில் அப்போது பின்னேரம் இரண்டு மணி. என் தங்கை வதனி போன் எடுத்தாள். லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறாள், முதியோர் இல்லத்தில் வேலை. கணவருக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து, அரசாங்க ஆஸ்பத்திரி ஒப்பரேசனுக்குக் காத்திருக்கிறார். ஊன்றுகோல் இல்லாமல் சமையலறை வரைக்கும்கூட நடக்க முடியாது.

"அண்ணா, படம் ஒண்டு அனுப்பினனான், பாத்தனீங்களோ?"

"இப்பதான் வந்தனான். என்ன படம்?"

"இஞ்சை இடைத்தேர்தல் எல்லோ. ஓட்டுக் கேட்டு வீடு வீடா வாறாங்கள். இண்டைக்கு மத்தியானம் எங்கட கதவையும் ஒருத்தர் தட்டினவர். பெரிய பணக்காரர். மழையில தெப்பமா நனைஞ்சு போய் நிண்டார், பாவம்."

படத்தைத் திறந்தேன். என் தங்கையின் வாசல், அவள் தேநீர்க் கோப்பை, அதைக் கையில் பிடித்துக்கொண்டு மழைக்கோட்டுடன் சிரிக்கிற நாற்பத்தொன்று. பதினொரு மணிக்கு என் மேசையில் இருந்தவர். எங்கள் ஜன்னலில் நின்று வேடிக்கை சொன்னவர். கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வதனி பேசிக்கொண்டே போனாள்.

"இஞ்சை சனம் ஒருத்தரையும் நம்பாதுகள் அண்ணா. எல்லாரும் கள்ளர் எண்டுதான் கதை. எங்களுக்குச் சம்பளம் கைக்கு வர முதலே வரியை வெட்டிப்போடுவாங்கள். உவையள் காசை வெளிநாட்டில கொண்டுபோய் வைச்சுப்போட்டு, எங்களிட்ட வந்து ஆஸ்பத்திரிக்குக் காசில்லை எண்டுவினம். நான் முகத்துக்கு நேரை கேட்டுப்போட்டன்."

"என்னெண்டு?"

"'நீங்களும் வரிக்கு ஒளிச்சு ஓடுற ஆள்தானே?' எண்டு கேட்டன். அந்தாள் கோவிக்கேல்லை. 'நான் கட்டவேண்டியதெல்லாம் இந்த நாட்டிலதான் கட்டுறன்' எண்டார். இவரின்ரை ஒப்பரேசன் ஒண்டரை வருசமாத் தள்ளித் தள்ளிப் போகுது எண்டு சொன்னன். பேரைக் கொப்பியில எழுதிக்கொண்டு போனவர்."

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"அண்ணா, நீங்கள் உப்பிடிப் பணக்காரரோடதானே வேலை செய்யிறியள். உங்களுக்கு ஆளைப் பாத்தாத் தெரியும். சொல்லுங்கோ, இவரை நம்பலாமோ?"

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் நெருக்கடி என்றால் வரித்துறை வாசலில் வந்து நிற்பது என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அது என் தங்கையின் குரலில் வந்தது, நான் இன்னும் கழுத்துப்பட்டியைக் கழற்றியிருக்கவில்லை. வாடிக்கையாளர் இரகசியத்தை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வைத்தவன் நான். சொன்னால் வேலை போகும், விசா போகும், மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஊமை கண்ட கனவுபோல எனக்குள்ளேயே கிடந்தது. சரி, சொல்ல முடியாது. 'எனக்குத் தெரியாது' என்று சொல்லியிருக்கலாமே? 'அரசியல்காரரை நான் என்னத்தைக் கண்டன்' என்று சிரித்திருக்கலாமே? அந்த வாசல் திறந்துதான் கிடந்தது. ஆனால் அவள் அப்படிக் கேட்டபோது, தெரியாது என்று சொன்னால்கூட ஏதோ தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

"ஆள் நல்ல ஆள் மாதிரித்தான் கிடக்கு," என்றேன். "நம்பலாம்."

"அப்ப சரி," என்றாள். அவள் குரலில் ஒரு சந்தோஷம்.

வெள்ளி, சனி விடுமுறை முடிந்து அலுவலகம் போனபோது காளிமுத்துவின் டிரிப் ஷீட் என் மேசைக்கு வந்தது. வண்டி எங்கே போனது, யாரை ஏற்றியது என்று டிரைவர் எழுதிவைக்கும் தாள். வியாழக்கிழமைக்கு நேரே தமிழெழுத்தில் 'ஆள் வரலை, வண்டி காலி' என்று எழுதியிருந்தார். ஒரே காலை நேரத்தை நாங்கள் இரண்டு பேரும் எழுதியிருந்தோம். ஸ்ரீதர் அதைப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டார்.

"காளி, இது சும்மா ஃபார்மாலிட்டிதான். ஒருத்தர் வந்தார்னு மாத்திடுங்க."

"பேஜை வேணும்னா கிழிச்சுக்கங்க சார். நான் மாத்தி எழுத மாட்டேன். வண்டி காலியா வந்துச்சு, காலின்னு எழுதுனேன்."

ஸ்ரீதர் பக்கத்தைக் கிழித்துக்கொண்டார், ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. லிஃப்டுக்குப் போகிற வழியில் காளிமுத்து என் தோளைத் தொட்டார்.

"வேலிக்கு ஓணான் சாட்சிம்பாங்கல்ல சார், நம்ம ஊர்ல. நீங்க வேலியா, ஓணானா?" கேட்டுவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டாம் வகுப்பு படித்தவர் நேராக நிற்கிறார், முப்பத்தாறு கம்பெனி இயக்குநர் வளைந்து நிற்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்தது. வதனி தன் ஜன்னலில் அவர் படத்தை ஒட்டினாள். இல்லத்தில் கூட வேலை செய்கிற பெண்களிடமும், பக்கத்து வீடுகளிலும் சொன்னாளாம். எவரையும் நம்பாதே என்று அதுவரை எல்லாரோடும் சண்டை பிடித்தவள். ஒவ்வொரு முறையும் போனில் அதையெல்லாம் உற்சாகமாகச் சொல்வாள். நான் 'ஓம், ஓம்' என்பேன். கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார்.

பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. நாள் போகப் போக, அந்த வியாழக்கிழமை கூட்டம் எனக்கு ஞாபகம் வரத் தொடங்கியது. அவர் ஜன்னலருகே நிற்பது, பனி வெளிச்சத்தில் அவருடைய வெள்ளைத் தலைமுடி, மேகத்துக்குள் கம்பெனி என்று சொல்லித் திரும்புவது. ஷார்ஜா போகிற வீதி நெரிசலில் பஸ் ஜன்னலில் தலை சாய்த்தால் அந்தக் காட்சி வரும். தங்கை அனுப்பிய படம்தான் பொய் போலத் தோன்றும். சொந்தக் கையால் எழுதியதை மனம் இவ்வளவு சுலபமாக நம்பும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. நீங்களும் கவனமாக இருங்கள்.

கோடையில் பிரிட்டிஷ் வரித்துறையிலிருந்து கடிதம் வந்தது. குறிப்பிட்ட நாளில் தலைவர் துபாயில்தான் இருந்தாரா, நேரில் பார்த்த ஒருவர் உறுதிமொழி தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். நேரில் பார்த்தவர் யார்? குறிப்பில் கையெழுத்து வைத்த நான். ஸ்ரீதர் உறுதிமொழியைத் தயாரித்து என் மேசையில் வைத்தார். அரைப் பக்கம்தான். அன்று காலை இந்த அறையில் அவரை என் கண்ணால் பார்த்தேன் என்று இருந்தது.

இரண்டு நாள் அதைத் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் நாற்பத்தொன்று தானே வந்துவிட்டார். இந்த முறை காளிமுத்து நிஜமாகவே அவரை ஏற்றிக்கொண்டு வந்தார். வெளியே ஆடி மாத வெயில், கண்ணாடிக்கு அப்பால் எல்லாம் வெளிறி நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னோடு தனியாகப் பேச வேண்டும் என்றார். கூட்ட அறையில், எத்தனையோ முறை அவருடைய தேநீர் ஆறிய அதே இடத்தில் உட்கார்ந்தார். மென்மையான குரல். என் மகள் படிப்பைப்பற்றி விசாரித்தார்.

"உங்கள் குறிப்பைப் படித்தேன்," என்றார். "நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலை அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. என்ன பனி! நான் அந்த ஜன்னலில் நின்று, மேகத்துக்குள் கம்பெனி நடத்துகிறோம் என்று சொன்னேன். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள்."

அவர் நடிக்கவில்லை. எனக்கு ஞாபகம் வந்ததுபோலவே அவருக்கும் ஞாபகம் வந்திருந்தது. நான் இட்டுக்கட்டிய ஒரு வரியை, இரண்டு பேரும் நடந்ததாக நினைத்துக்கொண்டு மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். இன்னும் ஒரு நிமிடம் அப்படியே இருந்திருந்தால் நான் கையெழுத்து வைத்திருப்பேன், சத்தியமாக. அவ்வளவு சுகமாக இருந்தது அந்தக் கனவு.

என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்து வதனியின் படத்தைப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் வாய் திறந்தது.

"ஐயா, அன்றைக்கு உங்களுக்குப் பனி இல்லை. மழை. நீங்கள் என் தங்கை வீட்டு வாசலில் நின்றீர்கள்."

படத்தை அவர் பக்கம் திருப்பினேன். நீண்ட நேரம் பார்த்தார். முகம் சிவக்கவில்லை, கோபமும் இல்லை. தூக்கத்தில் எழுப்பப்பட்டவர்போல இருந்தார்.

"இஞ்சி போட்ட தேநீர்," என்றார் கடைசியில். "கணவருக்கு இடுப்பு. பெயரை எழுதி வைத்தேன்."

"இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார், ஐயா."

போனை என்னிடம் தந்தார். பிறகு பேனாவை எடுத்து, உறுதிமொழித் தாளின்மேல் குறுக்காக, எனக்குக் கை எட்டுகிற இடத்தில் வைத்தார். மிரட்டவில்லை. பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"என்னால் ஏலாது, ஐயா," என்று எழுந்தேன்.

ஸ்ரீதர் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சிவம், முதல் குறிப்புல கையெழுத்து போட்டது யாரு? நீங்கதானே? அப்ப வராத மனசாட்சி இப்ப மட்டும் எப்படி வருது?"

நியாயமான கேள்வி.

"அப்ப செய்தது பிழை சார். அந்தக் குறிப்பும் பிழை எண்டு எழுதித் தாறன்."

"பொண்ணுக்குக் கடைசி வருஷம் முடிஞ்சு காலேஜ் சேர்க்கணும்ல. யோசிங்க."

"யோசிச்சுட்டன்."

"அப்போ கலாஸ், எல்லாம் முடிஞ்சுது," என்றார், வருத்தத்தோடுதான். அந்தக் குறிப்பு பிழை என்று அன்றே எழுதிக் கொடுத்தேன், ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வார முடிவில் முப்பத்தாறு கம்பெனிகளும் என் கையை விட்டுப் போயின. கப்பலும் போயிற்று, திராட்சைத் தோட்டமும் போயிற்று. விசா ரத்து. இன்னொரு வேலை தேட ஒரு மாதம்தான் அவகாசம். மனைவி தன் வளையல்களைக் கழற்றி மேசையில் வைத்தாள். மகளுக்குக் கல்லூரி ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. "இட்ஸ் ஓகே அப்பா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனவள் அன்று முழுக்க வெளியே வரவில்லை. ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு டயர் கிடங்கில் எழுத்தர் வேலை கிடைத்தது. வந்த டயரை வந்ததாகவும், வராத டயரை வரவில்லை என்றும் இரண்டு வருஷம் எழுதினேன். அதன் பிறகுதான் இங்கே, உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன்.

நாற்பத்தொன்றுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சில வருஷத்துக்குப் பின் அங்கே பத்திரிகைகளில் அவருடைய வெளிநாட்டுக் கம்பெனிகளைப் பற்றி ஏதோ வந்தது. எல்லாம் சட்டப்படிதான் செய்தேன் என்று அறிக்கை விட்டார். அவர் செய்ததில் பெரும்பகுதி சட்டப்படியாகவும் இருந்திருக்கலாம். அந்த மண்ணில் வரி உண்டு, இந்த மண்ணில் இல்லை என்று தெரிந்து கம்பெனியை நகர்த்துகிறவனைச் சட்டம் விட்டுவிடும். அதோடு எனக்குச் சண்டை இல்லை, உங்களுக்கும் அதுதான் தொழில். நான் சொல்வது அந்த ஒரு வியாழக்கிழமையைப் பற்றி. வந்தவர் வந்தார், வராதவர் வரவில்லை. அலங்காரம் வேண்டாம். வானிலை எழுதவே எழுதாதீர்கள். உங்களை நம்பி ஒருவர் கேட்டு, உங்களால் உண்மையைச் சொல்ல முடியாவிட்டால் வாயை மூடிக்கொள்ளுங்கள். ஆம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை, வேலை போனது இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

டயர் கிடங்கில் சேர்ந்த வாரம், வெள்ளிக்கிழமை காலையில் வதனி போன் எடுத்தாள். காசு ஏதும் அனுப்பவா என்று கேட்டாள். அவளிடம் காசு எங்கே இருக்கிறது? அந்தக் கேள்வியில் நான் உடைந்துவிட்டேன். இரகசியம் என்று கையெழுத்து வைத்ததையெல்லாம் மறந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் வாசலில் அவர் நின்ற நாளில், இங்கே என் மேசையில் இருந்தார் என்று எழுதியவன் நான்தான் என்றேன். நீ படம் அனுப்பியபோதே எனக்குத் தெரியும் என்றேன். பிறகு கையெழுத்து வைக்க மறுத்ததையும், வேலை போனதையும் சொன்னேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. 'நல்ல வேலை செய்தனீங்கள் அண்ணா' என்பாள் என்று காத்திருந்தேன்.

அந்தப் பக்கம் தூரத்தில் மச்சானின் ஊன்றுகோல் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது, சமையலறைக்கு மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தார். ஒப்பரேசன் தேதி அப்போதும் வந்திருக்கவில்லை.

"வதனி?" என்றேன். "நீ அவரை நம்பிட்டாய் எண்டுதான் எனக்கு..."

"அவரையோ?" என்றாள். கோபம் இல்லை, களைத்துப்போன குரல். "நான் உவையள் ஒருத்தரையும் நம்பிறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே அண்ணா. நான் உங்களை நம்பித்தான் ஓட்டுப் போட்டனான்."